ரேடாரைப் பார்த்து விமானத்தைத் தரையிறக்குவது எப்படி? சாங்கியை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

விமானத்தை யார் இறக்குகிறார்கள் என்று கேட்டால், விமானி என்போம். அடுத்ததாகக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தைச் சொல்வோம். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் சுமார் 80 மீட்டர் உயரத்தில் நிற்கும் அந்தக் கோபுரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் தரையிறங்கும் விமானம் கோபுரத்தின் பொறுப்பில் இருப்பது கடைசி மூன்று நான்கு நிமிடங்கள் மட்டுமே. அதற்கு முந்தைய வேலை முழுவதும் சன்னல் தேவைப்படாத ரேடார் அறையில் நடக்கிறது. எட்டுத் திசையிலிருந்தும் வரும் விமானங்களை அங்கேதான் ஒரே வரிசையாக்கி, ஒன்றன்பின் ஒன்றாக ஓடுபாதையை நோக்கித் திருப்புகிறார்கள்.

அந்த வேலையைப் படிப்படியாகப் பார்ப்போம். திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ சிங்கப்பூர் வரும் ஒரு விமானத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ரேடார் திரை காட்டுவது சற்றுமுன் நடந்ததை. அதிகாரி கணக்கிட வேண்டியது இனி நடக்கப்போவதை. கீழே வரும் ஒவ்வொரு படியிலும் இந்த இடைவெளியைத்தான் அவர் சமாளிக்கிறார்.

திரையில் தெரிவது என்ன?

ரேடாரில் இரண்டு வகை உண்டு. முதல்நிலை ரேடார் ரேடியோ அலையை அனுப்பி, விமானத்தின் உடலில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பிடிக்கிறது. அலை ஒரு கடல் மைல் போய்த் திரும்ப 12 மைக்ரோ விநாடிக்குச் சற்று மேல் ஆகும். அந்த நேரத்தை அளந்தால் தூரம் கிடைக்கும். ஆன்டெனா அப்போது எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அதுவே திசை. ஆனால் அது யாருடைய விமானம், எவ்வளவு உயரத்தில் பறக்கிறது என்று இந்த ரேடாருக்குத் தெரியாது.

அதைச் சொல்வது இரண்டாம்நிலை ரேடார். இது 1030 மெகாஹெர்ட்ஸில் ஒரு கேள்வியை அனுப்பும். விமானத்தில் உள்ள டிரான்ஸ்பாண்டர் 1090 மெகாஹெர்ட்ஸில் பதில் சொல்லும். அந்தப் பதிலில் நான்கு இலக்க அடையாள எண் இருக்கும். 0 முதல் 7 வரையுள்ள இலக்கங்களை மட்டுமே பயன்படுத்துவதால் மொத்தம் 4,096 எண்கள்தான். 7700 என்றால் அவசரநிலை, 7600 என்றால் ரேடியோ பழுது, 7500 என்றால் கடத்தல். கூடவே உயரமும் வரும், 100 அடிக் கணக்கில். புதிய கருவிகள் விமானத்துக்கே உரிய நிரந்தர முகவரியையும், ஏடிஎஸ்-பி என்ற தானியங்கி ஒலிபரப்பு மூலம், செயற்கைக்கோள் சமிக்ஞையை வைத்து விமானம் கணித்த இருப்பிடத்தையும் சேர்த்துச் சொல்கின்றன. கைப்பேசிச் செயலிகளில் நாம் விமானங்களைப் பார்க்க முடிவது இந்த ஏடிஎஸ்-பியால்தான்.

சிங்கப்பூரில் 2013 முதல் இயங்கும் லோராட்ஸ் 3 என்ற அமைப்பு இந்தத் தகவல்களையெல்லாம் ஒன்றுசேர்த்து, விமானத்தின் குறியீட்டுப் பக்கத்திலேயே ஒரு சிறு பட்டையாகக் காட்டுகிறது: அழைப்புப் பெயர், உயரம், தரைவேகம், விமான வகை.

இங்கே கவனிக்க வேண்டியது ஆன்டெனா சுற்றும் வேகம். விமான நிலையத்தை ஒட்டிய ரேடார் ஒரு சுற்றுச் சுற்ற நான்கைந்து விநாடி எடுக்கும். நெடுந்தூர ரேடாருக்கு 10 விநாடிக்கும் மேல். 220 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 220 கடல் மைல் வேகத்தில் வரும் விமானம் நான்கு விநாடியில் ஏறக்குறைய 450 மீட்டர் நகர்ந்துவிடும். அதிகாரி கட்டளையைச் சொல்லி, விமானி அதைத் திருப்பிச் சொல்லி, விமானம் சாயத் தொடங்குவதற்குள் இன்னும் சில விநாடிகள் போய்விடும். ஆகவே புள்ளி சரியான இடத்துக்கு வரட்டும் என்று காத்திருந்து சொன்னால் ஏற்கெனவே தாமதம்.

முதல் படி: காற்றைப் பார்த்து ஓடுபாதையை முடிவுசெய்தல்

விமானங்கள் எதிர்காற்றில் இறங்க வேண்டும். சாங்கியின் ஓடுபாதைகள் வடக்கு–வடகிழக்காகவும் தெற்கு–தென்மேற்காகவும் நீண்டிருக்கின்றன. வடக்கு நோக்கி இறங்கினால் அதன் பெயர் 02, தெற்கு நோக்கி இறங்கினால் 20. திசைகாட்டி எண்ணின் கடைசி இலக்கத்தை விட்டுவிட்டால் வருவதே இந்தப் பெயர். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை பெரும்பாலும் 02. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை 20 அதிகம்.

20இல் இறங்குபவை ஜொகூர் பக்கமிருந்து வந்து சாங்கிக் கடற்கரைப் பூங்காவுக்கு மேலே தாழப் பறக்கும். 02இல் இறங்குபவை தெற்கே சிங்கப்பூர் நீரிணைக்கு மேலாக வரும். இந்தச் சிறிய வானத்தில் செலேத்தார் விமான நிலையம், பாய லேபார், தெங்கா விமானப்படைத் தளங்கள், ஜொகூரின் செனாய், பாத்தாமின் ஹாங் நாடிம் எல்லாம் அருகருகே இருக்கின்றன. தவிர, 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தப்படி, இந்தோனேசிய வான்வெளியின் சில பகுதிகளில் 37,000 அடி வரை போக்குவரத்தை வழிநடத்தும் பொறுப்பைச் சிங்கப்பூர் ஏற்றிருக்கிறது. திருப்புவதற்குத் தாராளமான இடம் இங்கே கிடையாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இரண்டாம் படி: அடையாளம் காணுதல்

தமிழ்நாட்டிலிருந்து கிளம்பிய விமானம் சென்னைக் கட்டுப்பாட்டிலிருந்து கோலாலம்பூருக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கைமாறுகிறது. முதலில் வான்வழிப் பகுதி அதிகாரி. அடுத்து அணுகல் அதிகாரி, அதாவது அப்ரோச். கடைசியில் வரிசையை முடித்துவைக்கும் அரைவல் அதிகாரி. ஒவ்வொரு கைமாற்றத்திலும் விமானி புதிய அலைவரிசைக்கு மாறி, அழைப்புப் பெயரையும் உயரத்தையும் சொல்வார். ஸ்கூட் விமானம் என்றால் 'ஸ்கூட்டர்', இண்டிகோ என்றால் 'ஐஃப்ளை' என்று அழைப்புப் பெயர் தொடங்கும்.

பேசுகிற குரலும் திரையில் உள்ள புள்ளியும் ஒரே விமானம்தானா என்று அதிகாரி உறுதி செய்த பிறகே கட்டளை கொடுக்கலாம். தவறான புள்ளியைத் திருப்பினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. விமானி சொல்லும் உயரமும் திரை காட்டும் உயரமும் 300 அடிக்குள் ஒத்துப்போகின்றனவா என்றும் பார்ப்பார்.

காற்றழுத்த எண்ணும் கொடுக்கப்படும். சிங்கப்பூரில் அது பெரும்பாலும் 1010 ஹெக்டோபாஸ்கலை ஒட்டி இருக்கும். உயரமானி இந்த எண்ணை வைத்தே உயரத்தைக் காட்டுகிறது. ஒரு ஹெக்டோபாஸ்கல் பிசகினால் ஏறக்குறைய 28 அடி பிசகும். 1005க்குப் பதில் 1015 என்று காதில் விழுந்தால், விமானம் தான் நினைப்பதைவிட 280 அடி தாழ்வாகப் பறக்கும். விமானி எண்களை அப்படியே திருப்பிச் சொல்வதும் அதிகாரி அதைக் காதுகொடுத்துக் கேட்பதும் இதற்காகத்தான். சொல்வதைவிடக் கேட்பதில்தான் இந்த வேலையின் பாதுகாப்பு இருக்கிறது என்பது என் கருத்து.

மூன்றாம் படி: யார் முன், யார் பின்?

அடிப்படை விதி எளியது. விமான நிலையத்தை ஒட்டிய ரேடார் பகுதியில் இரண்டு விமானங்களுக்கு இடையே பக்கவாட்டில் 3 கடல் மைல் அல்லது உயரத்தில் 1,000 அடி இருக்க வேண்டும். நெடுந்தூர வழியில் பக்கவாட்டு இடைவெளி பொதுவாக 5 மைல் (இங்கே மைல் என்பதெல்லாம் கடல் மைல்).

ஓடுபாதையை நோக்கி ஒரே கோட்டில் வரும்போது இன்னொரு விதியும் சேர்கிறது. பறக்கும் விமானத்தின் இறக்கை நுனிகளிலிருந்து காற்றுச் சுழல்கள் கிளம்பிப் பின்னால் மெல்ல இறங்கும். விமானம் எவ்வளவு கனமோ சுழல் அவ்வளவு வலுவாக இருக்கும். பின்னால் வரும் சிறிய விமானம் அதில் சிக்கினால் புரண்டுவிடக்கூடும். சர்வதேச அடிப்படை விதிப்படி, 136 டன்னும் அதற்கு மேலும் எடையுள்ள கனரக விமானத்துக்குப் பின்னால் இன்னொரு கனரக விமானம் வந்தால் 4 மைல், ஏ320 போன்ற நடுத்தர விமானம் வந்தால் 5 மைல். மிகப் பெரிய ஏ380 விமானத்துக்குப் பின்னால் நடுத்தர விமானம் வந்தால் 7 மைல்.

சரி, இப்போது ஒரு கணக்கு. இரண்டு கனரக விமானங்களும் இரண்டு நடுத்தர விமானங்களும் ஒரே நேரத்தில் வருகின்றன. கனம், நடு, கனம், நடு என்று மாற்றி மாற்றி வைத்தால் இடைவெளிகள் 5, 3, 5. மொத்தம் 13 மைல். நடு, நடு, கனம், கனம் என்று வைத்தால் 3, 3, 4; மொத்தம் 10 மைல். வரிசையை மாற்றியதிலேயே 3 மைல் மிச்சம். 160 நாட்டில் அது ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். முதலில் வந்தவருக்கு முதலிடம் என்பதே பொது வழக்கம் என்றாலும், காலை நெரிசலில் இந்த ஒரு நிமிடங்கள் சேர்ந்தால் பின்னால் வரும் பலர் சுற்றாமல் இறங்கலாம். வருகை வரிசையைக் கணினி முன்கூட்டியே பரிந்துரைக்கும். அதை நடத்திக்காட்டுவது மனிதர்தான்.

தாமதப்படுத்த வேண்டியவரை எப்படித் தாமதப்படுத்துவது? நல்ல வழி வேகத்தை முன்கூட்டியே குறைப்பது. 80 மைலுக்கு அப்பாலேயே சற்று மெதுவாக வரச்சொன்னால் எரிபொருள் அதிகம் வீணாகாது. போதாவிட்டால் பாதையை வளைத்து நீட்டலாம். அதுவும் போதாவிட்டால் குறிப்பிட்ட புள்ளியில் வட்டமிட வைக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய நான்கு நிமிடம், ஒருவருக்கு மேல் ஒருவராக 1,000 அடி இடைவெளியில். இன்னும் முன்னே போய், புறப்படும் ஊரிலேயே விமானத்தை நிறுத்திவைக்கும் ஏற்பாடும் உண்டு. ஆசிய பசிபிக் வட்டாரத்தில் இதற்கான கூட்டு முறையை உருவாக்குவதில் சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் முன்னணியில் இருந்தது. திருச்சியில் விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகும் கிளம்பாமல் நிற்கும்போது, காரணம் சில வேளை சாங்கியின் வரிசையாகக்கூட இருக்கலாம்.

நான்காம் படி: திருப்புதல்

இந்தத் தொழிலின் கைத்திறன் தெரியும் இடம் இதுதான். அதிகாரி விமானத்துக்குத் திசைகாட்டி எண் கொடுத்துத் திருப்புவதற்கு வெக்டரிங் என்று பெயர். அந்த எண் ஹெடிங்.

02இல் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். ஓடுபாதையின் உண்மையான திசை சுமார் 23 டிகிரி. விமானம் ஓடுபாதைக்குக் கிழக்கே, அதற்கு எதிர்த்திசையில் தெற்கு நோக்கிப் பறக்கிறது. இந்தப் பகுதி டவுன்விண்ட், ஹெடிங் 200. ஓடுபாதையைத் தாண்டித் தெற்கே போதுமான தூரம் போனதும் வலப்பக்கம் 290க்குத் திருப்புகிறார், இது பேஸ். ஓடுபாதையின் நீட்சிக்கோடு நெருங்கும்போது மறுபடி வலப்பக்கம் 350. இப்போது விமானம் அந்தக் கோட்டை 33 டிகிரிக் கோணத்தில் சந்திக்கும். 45 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. போனால் கோட்டைப் பிடிக்க முடியாமல் மறுபக்கம் தாண்டிவிடும். சாங்கி போல இணை ஓடுபாதைகள் உள்ள இடத்தில் மறுபக்கம் தாண்டுவது என்றால், பக்கத்துக் கோட்டில் வரும் விமானத்தை நோக்கிப் போவது என்று பொருள்.

அந்தக் கட்டளை காதில் இப்படி விழும்: "டர்ன் ரைட் ஹெடிங் த்ரீ ஃபைவ் ஸீரோ, மெயின்டெய்ன் த்ரீ தௌசண்ட் ஃபீட் அன்டில் எஸ்டாப்ளிஷ்டு, கிளியர்டு ஐஎல்எஸ் அப்ரோச் ரன்வே ஸீரோ டூ சென்டர்." ஒரே மூச்சில் நான்கு செய்திகள்: எங்கே திரும்ப வேண்டும், எதுவரை எந்த உயரத்தில் இருக்க வேண்டும், எந்தக் கருவியைப் பின்பற்ற வேண்டும் (ஐஎல்எஸ் என்பது ஓடுபாதைக்கான கோட்டையும் சரிவையும் ரேடியோ சமிக்ஞையால் காட்டும் கருவி), எந்த ஓடுபாதை.

பேஸுக்கு எப்போது திருப்புவது என்பதுதான் முடிச்சு. 180 நாட்டில் வரும் விமானத்தைப் பத்து விநாடி தாமதமாகத் திருப்பினால், அது தெற்கே அரை மைல் கூடுதலாகப் போகும். அந்த அரை மைலைத் திரும்பியும் வர வேண்டும். ஆக மொத்தம் ஒரு மைல். பத்து விநாடிக்கு ஒரு மைல் இடைவெளி கூடும், அல்லது சீக்கிரம் திருப்பினால் குறையும். அனுபவமுள்ளவர் இதை நுணுக்கமாகப் பயன்படுத்தி, 5 மைல் வேண்டும் என்றால் 5 மைலே வருமாறு அமைப்பார்.

கூடவே, விமானம் நின்ற இடத்தில் திரும்பாது. 220 நாட்டில் 25 டிகிரி சாய்ந்து திரும்பினால் வளைவின் ஆரம் ஏறக்குறைய ஒன்றரை மைல். காற்றும் சும்மா இருக்காது. 200 நாட்டில் பறக்கும் விமானத்தின்மீது பக்கவாட்டில் 30 நாட் காற்று வீசினால், மூக்கு காட்டும் திசைக்கும் உண்மையில் போகும் திசைக்கும் 8 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வரும். அதிகாரி சொல்வது மூக்கின் திசையை. திரையில் தெரிவது போகும் திசையை. முதல் விமானம் எவ்வளவு ஒதுங்குகிறது என்று பார்த்து, அடுத்ததற்கு எண்ணைத் திருத்திச் சொல்வார்.

ஐந்தாம் படி: உயரத்தையும் தூரத்தையும் பொருத்துதல்

இறுதிப் பாதையின் சரிவு 3 டிகிரி. அதாவது ஒரு மைலுக்கு ஏறக்குறைய 318 அடி. 3,000 அடியில் வரும் விமானம் இந்தச் சரிவைச் சந்திக்கும் இடம் ஓடுபாதையிலிருந்து சுமார் 9.4 மைல். சரிவைக் கீழிருந்து சந்திக்க வேண்டும் என்பது முக்கியம். மேலிருந்து பிடிக்க முயன்றால் வேகமாக இறங்க வேண்டும். வேகமாக இறங்கினால் வேகம் குறையாது. கடைசியில் நிதானமில்லாத அணுகல். ஆகவே 12 மைல் அளவிலேயே விமானத்தைக் கோட்டில் சேர்த்துவிட்டால், அது சில நிமிடம் மட்டமாக வந்து, சரிவு தானாக வந்து சேரும்போது இறங்கத் தொடங்கும்.

இதற்காக அதிகாரி விமானிக்கு அவ்வப்போது இன்னும் எத்தனை மைல் பறக்க வேண்டும் என்று சொல்வார். விமானியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதைவிடப் பயனுள்ள தகவல் இல்லை. 37,000 அடியிலிருந்து இறங்க ஏறக்குறைய 110 மைலும், வேகம் குறைக்கப் பத்து மைலும் வேண்டும். 60 மைல் என்று நினைத்து இறங்குபவரைத் திடீரெனக் குறுக்கே 40 மைலில் திருப்பினால் அவர் உயரத்தில் மாட்டிக்கொள்வார்.

வெக்டரிங் செய்யும்போது தடைகளிலிருந்து 1,000 அடியாவது மேலே வைத்திருக்கும் பொறுப்பும் அதிகாரிக்கு வந்துவிடுகிறது. புக்கிட் தீமா 164 மீட்டர்தான். ஆனால் ஜொகூரின் குனோங் பூலாய் 650 மீட்டருக்கு மேல். மேகத்துக்குள் இருக்கும் விமானிக்கு அந்த மலை தெரியாது. எந்தப் பகுதியில் எவ்வளவு தாழ இறக்கலாம் என்ற வரைபடம் அதிகாரியிடம் இருக்கும்.

ஆறாம் படி: வேகமும் இறுக்கமும்

10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட், பிறகு 220, 180, கடைசியில் 160. "160 நாட், 4 மைல் வரை" என்பது வழக்கமான கட்டளை. 4 மைலுக்குள் வேகக் கட்டுப்பாடு சொல்லக்கூடாது. அங்கே விமானி தன் எடைக்கேற்ற தரையிறங்கும் வேகத்துக்கு வந்துவிட வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஈசிபி விரைவுச்சாலையில் முன்னால் போகும் கார் வேகத்தைக் குறைத்தால் பின்னால் வருபவை நெருங்குமே, அதேதான் இங்கும். முன்னால் உள்ள விமானம் 4 மைலில் 160இலிருந்து 140க்குக் குறைக்கிறது. பின்னால் 8 மைலில் உள்ளது இன்னும் 160இல் வருகிறது. முன்னது தரையைத் தொட 103 விநாடி ஆகும். அதற்குள் பின்னது 3.5 மைலுக்கு வந்துவிடும். 4 மைலாக இருந்த இடைவெளியில் அரை மைல் காணாமல் போனது. யாரும் தவறு செய்யவில்லை. ஆகவே 4 மைல் கட்டாயம் என்றால், 12 மைல் தொலைவில் இருக்கும்போதே நாலரை மைல் வைத்திருக்க வேண்டும். திரையில் இப்போது சரியாக இருப்பது முக்கியமில்லை. ஓடுபாதை முனையில் சரியாக இருக்குமா என்பதே கேள்வி.

ஏழாம் படி: கோபுரத்திடம் ஒப்படைத்தல்

விமானம் கோட்டிலும் சரிவிலும் நிலைத்ததும், முன்னால் உள்ளதை நெருங்கவில்லை என்று உறுதியானதும், விமானி கோபுர அலைவரிசைக்கு மாற்றப்படுகிறார். தரையிறங்க அனுமதி தருவது கோபுரம். சாதாரண ஐஎல்எஸ் அணுகலில் விமானி 200 அடி உயரத்துக்குள் ஓடுபாதையையோ விளக்குகளையோ பார்த்துவிட வேண்டும். தெரியாவிட்டாலும், முன்னால் இறங்கிய விமானம் ஓடுபாதையை விட்டு விலகாவிட்டாலும், மறுபடி மேலே ஏற வேண்டும். பயணிகள் இதைப் பார்த்துப் பயப்படுவார்கள்; ஆனால் இது திட்டமிட்ட, பயிற்சி செய்யப்பட்ட நடவடிக்கை. ரேடார் அறையில் அந்த விமானத்துக்கு வரிசையில் மறுபடி ஓர் இடம் உருவாக்க வேண்டியதுதான் வேலை.

சுமத்ரா வரும் நாளில்

மேலே சொன்னதெல்லாம் வானம் தெளிவாக உள்ள நாளுக்கு. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, விடிவதற்கு முன்பிருந்து நண்பகலுக்குள், சுமத்ரா காற்று என்ற இடிமழை வரிசை மேற்கிலிருந்து தீவைக் கடந்து போகும். அப்போது விமானிகள் ஒவ்வொருவரும் தங்கள் வானிலை ரேடாரைப் பார்த்து விலகிப்போக அனுமதி கேட்பார்கள். அதிகாரி கொடுத்த ஹெடிங்கை ஏற்க முடியாது என்றும் சொல்வார்கள். சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. எல்லோரும் மேகத்தின் ஒரே இடைவெளிக்குள் நுழையப் பார்ப்பார்கள். காற்று திசை மாறினால் ஓடுபாதையையும் 02இலிருந்து 20க்கோ, மறுபுறமோ மாற்ற நேரிடும். அதுவரை தெற்கே கட்டிய வரிசையைக் கலைத்து வடக்கே புதிதாகக் கட்ட வேண்டும். இந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அத்தனை ஆண்டுப் பயிற்சியும் என்று எனக்குத் தோன்றும்.

ரேடாரை மட்டும் வைத்து இறக்குவது

ஐஎல்எஸ் இல்லாமலும் இறக்கலாம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகத்தில் லூயிஸ் ஆல்வாரெஸ் குழு உருவாக்கிய முறை இது. பின்னாளில் அவர் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார். ஒரு துல்லிய ரேடார் பக்கவாட்டையும், உயரத்தையும் தனித்தனியே அளக்கும். "கோட்டுக்குச் சற்று இடப்பக்கம், இரண்டு டிகிரி வலம் திரும்புங்கள், சரிவில் சரியாக இருக்கிறீர்கள்" என்று அதிகாரி பேசிக்கொண்டே இருப்பார். விமானி பதில் சொல்ல வேண்டியதில்லை. கடைசிக் கட்டத்தில் ஐந்து விநாடிக்கு மேல் மௌனம் வந்தால் தொடர்பு அறுந்தது என்று வைத்துக்கொள்ள வேண்டும். 1948–49இல் பெர்லினுக்கு உணவும் நிலக்கரியும் கொண்டுபோன விமானங்கள் மூடுபனியில் இப்படித்தான் இறங்கின. உலகின் பல ராணுவத் தளங்களில் இம்முறை இன்றும் பயிற்சியில் இருக்கிறது.

நீங்களே பார்க்க

ஏதாவது ஒரு விமானக் கண்காணிப்புச் செயலியைத் திறந்து சாங்கியைப் பெரிதாக்குங்கள். காலை நேரம் நல்லது. முதலில் எந்தப் பக்கமிருந்து இறங்குகிறார்கள் என்று பாருங்கள். அன்றைய காற்று தெரிந்துவிடும். பிறகு ஒரே கோட்டில் வரும் இரண்டு விமானங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் வகையைப் பார்த்து எத்தனை மைல் இடைவெளி வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். முன்னது 4 மைலைத் தாண்டும்போது வேக எண் குறைவதையும், பின்னது நெருங்குவதையும் கவனியுங்கள். டவுன்விண்டில் மூன்றாவதாக ஒன்று வந்துகொண்டிருந்தால், அதை எப்போது திருப்ப வேண்டும் என்று நீங்கள் முதலில் முடிவுசெய்யுங்கள். அப்புறம் அதிகாரி எப்போது திருப்புகிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் அவர் உங்களைவிடச் சில விநாடி முந்தியிருப்பார்.